தவியோக்காவிடம் சொன்னது

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்குக் கலியோவாவின் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. ஏழரைக்கு அவன் வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் பேசினான். ஏழே முக்காலுக்கு, பல்லைக் காட்ட, சவுசவு நகரத்துச் சந்தைக்குக் கிளம்பிய கிராமத்துப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பல் அவனுடையது. சிக்கல் உனைசியுடையது.

"மச்சானுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு," என்றான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "இந்த வாய் இன்னும் ரெண்டு நிமிஷம்தான் வேலை செய்யும்."

"ஒன்பது மணிக்கு ஆக்லாந்துக் குடும்பத்தை ராட்சதச் சிப்பி பார்க்கக் கூட்டிட்டுப் போகணும். சாப்பாட்டுக்குத் திரும்பணும். அவ்வளவுதான்."

கலியோவா படகுத்துறையின் மறுமுனையைப் பார்த்துக் கத்தினான். "மச்சான்! ஒன்பது மணி! ஆக்லாந்து! சிப்பி! சோத்துக்கு வந்துடு!"

மறுமுனையில் ஒரு கை உயர்ந்து இறங்கியது.

கை விலிக்கேசாவுடையது. விடுதியின் ஒரே படகை ஓட்டுகிறவர். பதினைந்து அடி தள்ளித்தான் நின்றிருந்தார். உனைசி சொன்னது அவர் காதில் முழுசாக விழுந்திருக்கும். ஆனாலும் கலியோவா கத்திய பிறகுதான் கையைத் தூக்கினார். அதுதான் முறை.

உனைசியின் அம்மாவும் விலிக்கேசாவின் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். ஆகவே அவர் அண்ணன், இவள் தங்கை. அந்தத் தீவுகளின் வழக்கப்படி அண்ணனும் தங்கையும் விவரம் தெரிந்த பிறகு நேருக்கு நேர் பேசக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. பகை ஒன்றும் இல்லை. மரியாதை. உனைசிக்கு ஏழு வயதில் அவரோடு பேச்சு நின்றது. இப்போது முப்பத்து நான்கு. இடையில் அவள் வீட்டுக்குக் கூரை போட்டது அவர். சனிக்கிழமை தவறாமல் அவள் வாசலில் இரண்டு மீன் தொங்கவிட்டுப் போவதும் அவர்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை.

கலியோவா இருவருக்கும் தாய்மாமன் மகன். மாமன் மகனுக்கு எந்தத் தடையும் கிடையாது. யாரிடமும் எதையும் பேசலாம், யாரையும் கிண்டல் செய்யலாம். மூன்று வருடமாகத் தீவின் படகு அவன் வாயால்தான் ஓடியது.

கிராமத்துப் படகு நகர்ந்தது. கலியோவா கையாட்டினான்.

"நான் இல்லாம ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க!"

துறையின் மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். உனைசி திரும்பிப் பார்க்கவில்லை.

*

விடுதி சிறியது. ஏழு ஓலைக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், மழைத்தண்ணீர்த் தொட்டிகள், கூரையில் சூரியத் தகடுகள். குளிர்சாதனம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, உறிஞ்சுகுழல்கூடக் கிடையாது. அதற்காகவே அதிகப் பணம் கொடுத்து வருகிறார்கள். அந்த வாரம் இரண்டே குடில்களில் ஆள். ஒன்றில் ஆக்லாந்துக் குடும்பம்: அப்பா, அம்மா, மூன்று பெண்கள். இன்னொன்றில் டென்மார்க்கிலிருந்து வந்த புதுமண ஜோடி, ஹென்னிங்கும் லோட்டேயும். பணியாட்கள் எல்லோரும் கிராமத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மிஞ்சியது உனைசி, விலிக்கேசா, அவர் மனைவியான சமையற்காரி மக்கெரெத்தா.

உனைசியும் கல்யாணத்துக்குப் போக வேண்டியவள். போகவில்லை. அவளுடைய சோதனை மாதம் அன்றோடு முடிந்தது.

உரிமையாளர் ஜில் மேடம் பிரிஸ்பேனில் இருந்தார். அதுவரை மேலாளர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒருவன் வெயில் தாங்காமல் போனான், ஒருத்தி கொசு தாங்காமல் போனாள். "இந்தத் தடவை நீ ஒரு மாசம் பார்," என்று ஜில் உனைசியிடம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு. அதை மின்னஞ்சலில் எழுதியிருந்தார். படகோட்டியோடு பேசாத மேலாளர் எப்படித் தீவை நடத்துவார்? வியாழன் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவதாகவும், சரிவராவிட்டால் பட்டயம் படித்த ஒரு பையனுக்கு விமான டிக்கெட் தயாராக இருப்பதாகவும் முடித்திருந்தார்.

உனைசி அந்தக் கடிதத்தை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை படிப்பாள்.

எட்டு மணிக்கு லோட்டே அலுவலக வாசலில் வந்து நின்றாள். தலையில் செம்பருத்தி.

"அதோ தெரியுதே, அந்த மணல்திட்டு. அங்க போய்ச் சாப்பிடலாமா? நாங்க ரெண்டு பேர் மட்டும்?"

"தாராளமா. இப்ப தண்ணி வத்தியிருக்கு, நடந்தே போயிடலாம். முழங்காலுக்குக் கீழதான் இருக்கும். பதினோரு மணிக்குப் படகு வந்து கூட்டிட்டு வரும்."

"படகு எதுக்கு? நடந்தே திரும்பிடறோமே."

"மத்தியானம் அங்க திட்டே இருக்காது," என்றாள் உனைசி.

லோட்டே சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும்.

மக்கெரெத்தா கூடை கட்டினாள். பப்பாளி, ரொட்டி, தேங்காய்ப்பாலில் ஊறிய மீன், வாழையிலையில் சுற்றிய கிழங்குப் பலகாரம். ஜோடி கைகோத்துக்கொண்டு பவளப்பாறை மேல் நடந்து போயிற்று. எட்டே முக்காலுக்கு இரண்டு புள்ளிகளாகத் திட்டில் ஏறிக்கொண்டார்கள்.

இனி விலிக்கேசாவுக்குச் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்குத் திட்டு. சிப்பி பார்த்தது போதும், சீக்கிரம் திரும்பு.

மக்கெரெத்தா வழியாகச் சொல்லலாம். சமையலறை இருபது அடிதான். ஆனால் மக்கெரெத்தாவிடம் கொடுக்கும் செய்தி உப்பு மிளகாயோடுதான் போய்ச் சேரும். போன மாதம், பத்து மணிக்குப் படகு வேண்டும் என்று சொல்லியனுப்பியது, பத்து மணிக்கு வராவிட்டால் சோறு கிடையாது, படுக்கையும் வீட்டுக்கு வெளியில்தான் என்று போய்ச் சேர்ந்தது. விலிக்கேசா அன்று முழுவதும் படகிலேயே படுத்துக் கிடந்தார்.

உனைசி நாயைத் தேடிப் போனாள்.

கலியோவா இல்லாதபோது நாய்தான். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கின் நிறம் அதற்கு. அதனால் கிழங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள்: தவியோக்கா. படகுக் கொட்டகை வாசலில் அது படுத்திருக்கும். உள்ளே விலிக்கேசா எஞ்சினோடு இருப்பார். உனைசி கொட்டகைக்கு முதுகு காட்டி நின்று நாயிடம் சொல்வாள். அவருக்குக் கேட்கும். அவர் பதில் சொல்வதில்லை. வேலை நடந்துவிடும். அதுதான் பதில்.

"தவியோக்கா, கேட்டுக்கோ. டென்மார்க் ஜோடி மணல்திட்டுக்கு நடந்து போயிருக்கு. பதினோரு மணிக்குப் படகு அங்க போகணும். சிப்பிக்காரங்களை அதுக்கு முன்னாடியே திருப்பிக் கொண்டு வந்துடணும். தெரிஞ்சுதா?"

தவியோக்கா காதைச் சொறிந்துகொண்டது.

உனைசி அலுவலகத்துக்குத் திரும்பினாள். முறைப்படி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொட்டகை காலியாக இருப்பது தெரிந்திருக்கும். ஆக்லாந்தின் கடைசிப் பெண்ணுக்குச் சின்ன அளவில் மிதவைச் சட்டை தேடி விலிக்கேசா பின்பக்கக் கிடங்குக்குப் போயிருந்தார்.

*

பதினொன்று இருபதுக்கு மக்கெரெத்தா மாவுக் கையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

"உனைசி, அந்த ஜோடி இன்னும் வரலையா? நான் மதியத்துக்கு எத்தனை தட்டு வைக்கிறது?"

உனைசி தொலைநோக்கியை எடுத்தாள்.

காலையில் தென்னந்தோப்பு அகலத்துக்கு இருந்த திட்டு இப்போது ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நடுவில் இரண்டு பேர். கூடை. ஹென்னிங் அவளைப் பார்த்துக் கையாட்டினான். உற்சாகமாக ஆட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

துறையில் படகு இல்லை.

"அண்ணி," என்றாள் உனைசி. "அவர் எங்க?"

"உன் அண்ணனா? சிப்பிகிட்ட. சோத்துக்கு வரச் சொன்னியே."

"பதினோரு மணிக்குத் திட்டுக்குப் போகச் சொன்னேனே."

"யார்கிட்ட?"

உனைசி வாசலைக் காட்டினாள். தவியோக்கா அங்கே மல்லாந்து படுத்திருந்தது.

மக்கெரெத்தா நாயைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கால்வாய் உண்டு. வற்றும்போது முழங்கால். ஏறும்போது ஆறு மாதிரி ஓடும். போன வருடம் இரண்டு பேர் சிறு துடுப்புப் படகில் அதைக் கடக்கப் போய், பக்கத்துத் தீவில் கரையேறினார்கள். அதற்குப் பிறகு ஏற்றத்தில் யாரும் துடுப்புப் போடக் கூடாது என்று பலகையில் எழுதி வைத்தவள் உனைசிதான்.

வானொலிப்பெட்டி மேசை மேல் இருந்தது. இன்னொன்று படகில்.

"கூப்பிடுங்க அண்ணி."

மக்கெரெத்தா எடுத்தாள். "விலி, விலி, சமையலறை பேசுது. உடனே திட்டுக்கு வாங்க. ஜோடி மாட்டிக்கிச்சு. அவசரம்."

இரைச்சல் மட்டும் வந்தது.

"விலி! காதுல விழுதா? ஜோடி! தண்ணி ஏறுது!"

இரைச்சல்.

"எடுக்க மாட்டாரு," என்றாள் மக்கெரெத்தா. குரல் இறங்கியிருந்தது.

"ஏன்?"

"போன வாரம் சமையலறை தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னேன். பாதிக் கடல்ல இருந்து ஓடி வந்தாரு. தேங்காய் துருவச் சொன்னேன்."

"அண்ணி!"

"அதுக்கு முந்தின வாரம் திமிங்கலம்னு சொன்னேன். வெங்காயம் வேணும்னு இருந்துச்சு."

"படகுல இருக்கற அந்தம்மாவைக் கூப்பிட்டா? ஆக்லாந்து அம்மாவை?"

"மணி பாரு. அஞ்சு பேரும் தண்ணிக்குள்ள குப்புற மிதந்துட்டு இருப்பாங்க. படகுல அவரு மட்டும்தான்."

உனைசி மறுபடி தொலைநோக்கியில் பார்த்தாள். மேசை ஒரு முக்காலியாகியிருந்தது. லோட்டே கூடையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது ஹென்னிங் கையாட்டவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிப்பிகள் கிடப்பது தீவின் மறுபக்கம். அங்கிருந்து திட்டுக்குப் பதினைந்து நிமிடம். ஐந்து பேரைத் தண்ணீரிலிருந்து ஏற்ற ஐந்து நிமிடம். இருபது. உனைசி இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு போட்டுப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"நாயைக் கூப்பிடறேன்," என்றாள். "வானொலியில தவியோக்காகிட்டப் பேசறேன். அவருக்குக் கேக்கும்."

மக்கெரெத்தா தலையாட்டினாள். இடம் வலமாக.

"என்ன?"

"உன் குரல்ல தவியோக்கா, தவியோக்கான்னு நான் அடிக்கடி பேசிக் காட்டுவேன். வானொலியிலயும் பண்ணியிருக்கேன். நான்தான்னு நினைச்சுச் சிரிப்பாரு."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா அண்ணி?"

"தீவுல என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

இருவரும் வானொலிப்பெட்டியைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் ஒன்று தெரியும். மக்கெரெத்தா யார் குரலிலும் பேசுவாள். தலைவர் குரலில் பேசுவாள், பாதிரியார் குரலில் பேசுவாள். தங்கை அண்ணனை அழைக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் உனைசி குரலில் சொல்ல மாட்டாள். அது விளையாட்டு இல்லை என்று விலிக்கேசாவுக்கும் தெரியும்.

"நான் வெளிய போயிடறேன்," என்றாள் மக்கெரெத்தா. "நான் கேக்கலை. நாயையும் கூட்டிட்டுப் போறேன்."

போய்விட்டாள். நாயையும் கூட்டிக்கொண்டு.

உனைசி பெட்டியை எடுத்தாள். ஏழு வயதில் அவரிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்று ஒரு கணம் யோசித்தாள். கொய்யா மரத்தில் அவர் இருந்தார், கீழே இவள் இருந்தாள். எனக்கும் ஒன்று. அவ்வளவுதான். அன்று மாலை அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா," என்றாள்.

விரல் பொத்தானிலிருந்து நழுவியது. மறுபடி அழுத்தினாள்.

"அண்ணா, திட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. தண்ணி ஏறிடுச்சு. வாங்க."

இரைச்சல். ஒரு மூச்சு விடும் நேரம். இரண்டு.

பிறகு அந்தப் பக்கம் யாரோ பொத்தானை அழுத்தி விட்டார்கள். ஒரு சொடுக்கு. இன்னொரு சொடுக்கு. பேச்சு இல்லை.

உனைசி பெட்டியை மேசை மேல் வைத்தாள். கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தின் மேல் வைத்தாள்.

*

பதினொன்று ஐம்பதுக்குப் படகு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு வேகத்தில் அந்தப் படகை யாரும் பார்த்ததில்லை. முன்பக்கம் மூன்று பெண்களும் நீர்க்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். அப்பா ஒரு காலில் துடுப்புச் செருப்போடு இருந்தார். இன்னொன்று எங்கே என்று பிற்பாடும் தெரியவில்லை.

திட்டு என்று ஒன்று அப்போது இல்லை. கடலின் நடுவே இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். ஒருத்தி தலையில் கூடை.

துறையில் இறங்கியதும் லோட்டே ஓடி வந்து உனைசியைக் கட்டிக்கொண்டாள். ஈரமும் உப்பும் செம்பருத்தியும்.

"அற்புதம்! முதல்ல பயந்துட்டோம். அப்புறம்தான் புரிஞ்சுது. திட்டு இருக்காதுன்னு காலையிலயே சொன்னீங்களே! தண்ணி ஏற ஏறச் சாப்பிடணும், கடைசி நிமிஷம் படகு வரணும். யார் யோசிச்சது இதை?"

உனைசி கூடையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நாளைக்கும் வேணும்," என்றான் ஹென்னிங். சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். "ஆனா ஒரு பத்து நிமிஷம் முன்னாடியே வந்தா நல்லது."

"நாளைக்குக் கழுத்து வரைக்கும் ஏத்தச் சொல்றேன்," என்றாள் மக்கெரெத்தா. "அதுக்குத் தனிக் கட்டணம்."

விலிக்கேசா படகைக் கட்டிக்கொண்டிருந்தார். துறைக்கு முதுகு காட்டிக் கட்டினார். ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சுப் போட்டார்.

சமையலறைக்குத் திரும்பும் வழியில் மக்கெரெத்தா சொன்னாள்.

"பேசிட்டே."

"பேசிட்டேன்."

"பதினாலு வருஷமா நான் கத்திக் கத்திக் கூப்பிடறேன். திரும்பாத படகு. நீ ஒரே வார்த்தையில திருப்பிட்டே."

உனைசி மழைத்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். கைகளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். 

"அண்ணி, வீட்டுல யங்கோனா வேர் இருக்கா?"

"இருக்கு. பெருசா, சின்னதா?"

"பெருசு."

மன்னிப்பு என்றால் வேர்க்கட்டு. வாயால் மட்டும் கேட்கும் மன்னிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேரை முன்னால் வைத்து, உரிய ஆள் உரிய வார்த்தைகளைச் சொல்லி, எதிராளி அதைத் தொட்டுக் கை தட்டினால் முடிந்தது. பிறகு அதை இடித்துக் கரைத்து எல்லோரும் குடிப்பார்கள். உரிய ஆள் என்றால் கலியோவாதான்.

கலியோவா நாலரைக்கு வந்தான். படகிலிருந்து இறங்கும்போதே உனைசிக்குத் தெரிந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சு. இரண்டு பல் பிடுங்கியிருந்தார்கள்.

"ம்ஃ," என்றான்.

"பேச முடியுமா?"

"ம்ஃப்."

"இன்னைக்கு நீ பேசித்தான் ஆகணும் மச்சான். வேர் வைக்கணும்."

கலியோவா அவளையும் அவள் கையிலிருந்த வேர்க்கட்டையும் பார்த்தான். புருவத்தைத் தூக்கினான். மக்கெரெத்தா அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு மிளகாய் போடாமல் சொன்னாள். அவன் கண்கள் விரிந்தன. சிரிக்கப் போனான். வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஐந்து மணிக்குக் கொட்டகையில் பாய் விரித்தார்கள். விலிக்கேசா பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். உனைசி அவருக்குப் பின்னால் தள்ளித் தலை குனிந்து உட்கார்ந்தாள். நடுவில் கலியோவா. அவன் வேரை முன்னால் நகர்த்தினான். தொண்டையைச் செருமினான். பெரியவர்கள் கற்றுக்கொடுத்த சொற்களை ஒன்று விடாமல் சொன்னான். நிலத்தைச் சொன்னான், கடலைச் சொன்னான், இரண்டு வீட்டு முன்னோரைச் சொன்னான். ஒரு சொல்கூட யாருக்கும் புரியவில்லை. பஞ்சு பாதியில் நழுவியது. கையில் பிடித்துத் திரும்ப வைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. மக்கெரெத்தாவின் தோள்கள் மட்டும் குலுங்கின. அவள் முந்தியே வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

விலிக்கேசா வேரைத் தொட்டார். உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார்.

பிறகு தன் பின்னாலிருந்து இன்னொரு வேர்க்கட்டை எடுத்துக் கலியோவா முன்னால் வைத்தார்.

"இது என்னோடது," என்றார் கலியோவாவிடம். "காலையில சொல்றதுக்கு ஆள் வரும்னு தெரியும். இருந்து கேட்டுட்டுப் போயிருக்கணும். போயிட்டேன். அந்தப் பக்கம் சொல்லிடு."

கலியோவா இரண்டு வேரையும் பார்த்தான். மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஹெண்டு வேழு," என்றான். "ஒழே வாய். அதுவும் பாழி வாய்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். விலிக்கேசா சிரிப்பது உனைசிக்குக் கேட்டது. பார்க்கவில்லை. கேட்டது.

*

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. உப்புக் காற்றில் அதன் காதுப் பகுதி கெட்டுப் பல மாதம் ஆகிவிட்டது. ஒலிபெருக்கியில்தான் பேச வேண்டும். ஜில் மேடத்தின் குரல் சன்னல் வழியாக முற்றம் வரை போயிற்று.

"உனைசி! அந்த டென்மார்க் ஜோடி எனக்குப் படம் அனுப்பியிருக்கு. கடலுக்கு நடுவுல கூடையோட நிக்கறாங்க! வாழ்நாள்ல மறக்க மாட்டோம்னு எழுதியிருக்காங்க. இதை நாம விளம்பரத்துல போடணும். யாரோட யோசனை? உன்னோடதா?"

உனைசி கடிதத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். விமான டிக்கெட் ரத்தாகிவிடும்.

"யோசனை இல்ல மேடம். தப்பு."

"என்னது?"

"படகு பதினோரு மணிக்குப் போயிருக்கணும். போகலை. காலையில கலியோவா பல் பிடுங்கப் போயிட்டான், இன்னும் வாய் திறக்க முடியலை. நான் சொன்னது போய்ச் சேரலை. அவங்க ஆபத்துல இருந்தாங்க. அது அவங்களுக்கு முழுசாத் தெரியலை. நாளைக்குக் காலையில நானே அவங்ககிட்டச் சொல்லிடறேன்."

பிரிஸ்பேனில் எங்கேயோ ஒரு கார் ஹாரன்.

"இதைத்தான் நான் ஒரு மாசமாச் சொல்லிட்டு இருக்கேன், உனைசி. அப்புறம் எப்படிப் படகு போச்சு?"

"நான் பேசினேன். வானொலியில."

"அவரோடயா? நேரா?"

"நேரா."

"அடடா!" ஜில்லின் குரல் மலர்ந்தது. "அப்ப முடிஞ்சுதே! அதுதானே எனக்கு வேணும்! இனிமே தினமும் பேசிடுவே இல்ல?"

சன்னலுக்கு வெளியே முற்றத்தில் யங்கோனா இடிக்கும் சத்தம் நின்றது. கலியோவா, மக்கெரெத்தா, ஆக்லாந்துப் பெண்கள் மூவர், நாய், எல்லோரும் அங்கே இருந்தார்கள். விலிக்கேசா சன்னலுக்கு முதுகு காட்டித் தேங்காய் மட்டை மேல் உட்கார்ந்திருந்தார். முதுகு அசையவில்லை.

"மாட்டேன் மேடம்," என்றாள் உனைசி.

"ஏன்?"

"இன்னைக்கு உயிர் விஷயம். அதுக்குப் பேசினேன். அதுக்கு வேரும் வச்சாச்சு. மத்தபடி அவர் எனக்கு அண்ணன்."

"எனக்குப் புரியலை."

"தெரியும் மேடம். ஆனா தப்பு எங்கேன்னு எனக்குப் புரிஞ்சுது. பேசாதது தப்பு இல்ல. போய்ச் சேர்ந்துதான்னு பார்க்காதது தப்பு. இனிமே போய்ச் சேர்ந்ததுக்கு ரெண்டு சொடுக்கு வரணும். வரலைன்னா யாரும் குடிலை விட்டு நகரக் கூடாது."

"ரெண்டு சொடுக்கு."

"ஆமா மேடம்."

ஜில் பெருமூச்சு விட்டார். அது முற்றம் வரை கேட்டது.

"உனைசி, உன்னை எனக்குப் பிடிக்கும். நீ பொய் சொல்லாததும் பிடிச்சிருக்கு. ஆனா நான் சனிக்கிழமை அந்தப் பையனுக்குப் பதில் சொல்லணும். நீயே சொல்லு. பல் வலிச்சவனுக்கு வாய் திறக்கலை. நீ பேச மாட்டே. நாளைக்குக் காலையில அந்தப் படகு எப்படிப் போகும்?"

உனைசி வாயைத் திறந்தாள். அதற்குள் சன்னலுக்கு வெளியே யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். ஒரு முறை. இன்னொரு முறை. தவியோக்கா எழுந்து போய் விலிக்கேசாவின் காலடியில் உட்கார்ந்தது. அவர் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த ஆங்கிலத்தில், பிரிஸ்பேன் வரைக்கும் கேட்கிற மாதிரி, நாயிடம் சொன்னார்.

"தவியோக்கா, நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு எங்க வேணும்னு மேனேஜரம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு, நான் இங்கயேதான் இருக்கேன், கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."